ஐம்பது டாலர் வீட்டின் கணக்கு

தலைப்பிலுள்ள ஐம்பது டாலர் மண்வீட்டுக்கு வருமுன் அதைவிட மலிவான அதன் மூதாதை ஒன்றைப் பார்ப்போம். 1870களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளியில் மேட்டைக் குடைந்து கட்டப்பட்ட ஒரு குழிவீட்டின் செலவுக் கணக்கு இன்றும் கிடைக்கிறது. வீட்டின் அளவு பதினான்குக்குப் பதினான்கு அடி. ஜன்னல் ஒன்று, 1 டாலர் 25 சென்ட். வாசல் கதவுக்குப் பலகை பதினெட்டு அடி, 54 சென்ட். கதவுக்குக் கொண்டியும் கீலும் 50 சென்ட், பூட்டு கிடையாது. கூரை வழியாகப் புகை வெளியேறக் குழாய், 30 சென்ட். ஆணி மூன்று பவுண்டு, பத்தொன்பதரை சென்ட். ஆக மொத்தம் 2 டாலர் எழுபத்தெட்டரை சென்ட்.

நான் கட்டுமானத் தொழிலில் எஸ்டிமேட் போட்டே தலை நரைத்தவன். இவ்வளவு நேர்மையான எஸ்டிமேட்டை வேறெங்கும் பார்த்ததில்லை. அரை சென்ட்டைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சுவருக்கு ஒரு வரி இல்லை. கடைக்காலுக்கு இல்லை. கூரைக்கும் இல்லை, ஓடைக்கரையில் வெட்டிய கழிகளும் புல்லும் மண்ணும் போதுமாக இருந்தன. கூலி என்ற தலைப்பே கிடையாது. மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி ஒரே ஒரு ஜன்னலுக்குப் போயிருக்கிறது. மண்ணுக்குள் குடியிருக்கப் போகிறவனுக்கு மண் இலவசம். வெளிச்சத்தைத்தான் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அவர்கள் விரும்பிக் குழிக்குள் போனவர்கள் அல்லர். 1862-இல் வந்த சட்டத்தின்படி 160 ஏக்கர் அரசு நிலத்தில் குடியேறி, வீடு கட்டி, ஐந்து ஆண்டு பயிர் செய்தால் நிலம் சொந்தமாகும். நிலம் கிடைத்தது, மரம்தான் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. எனவே மேட்டின் சரிவைக் குடைந்து, முன்பக்கத்தைப் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் அடைத்து, உள்ளே புகுந்துகொண்டார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். மழை நின்ற பிறகும் ஒழுகும். சாப்பாட்டில் மண் விழாமல் இருக்க உத்திரத்துக்குக் கீழே மஸ்லின் துணியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மேலே மேய்ந்த மாடு கூரையோடு உள்ளே இறங்கிய கதைகளும் உண்டு. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பெரும்பாலோர் பலகை வீட்டுக்கு மாறிவிட்டார்கள். மலிவான மண்வீட்டைப் பற்றிக் கனவு காண்கிறவர்கள் இந்த வரலாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த வீட்டில் இருந்தவர்களே அதை விட்டு ஓடினார்கள். ஏன் ஓடினார்கள், என்ன மாற்றியிருந்தால் ஓடியிருக்க மாட்டார்கள் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியை நூறு ஆண்டு கழித்து ஒருவர் கையில் எடுத்தார். பெயர் மைக் ஓலர். சிகாகோவில் பிறந்தவர். 1960களின் இறுதியில் நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போன அமெரிக்க இளைஞர் கூட்டத்தில் ஒருவராகக் கனடா எல்லையை ஒட்டிய வடக்கு ஐடஹோவின் மலைக்காட்டில் நிலம் வாங்கினார். 1971-இல் அங்கே மண்ணுக்குள் ஒரு சிறிய வீட்டை 50 டாலரில் கட்டினார். இன்றைய மதிப்புக்கு மாற்றினால் ஏறக்குறைய 400 டாலர் வரும். சில ஆண்டு கழித்து அதை விரிவாக்கினார். மொத்தச் செலவு 500 டாலர் ஆனது. 1978-இல் அந்த முறையைப் படம் வரைந்து விளக்கிப் புத்தகமாகத் தானே வெளியிட்டார். 2016-இல் இறக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கட்டிய முறையைச் சொல்கிறேன். சரிவில் வீட்டுக்கான குழி தோண்ட வேண்டும். உரித்த மரக்கழிகளைத் தூண்களாக நட வேண்டும். மண்ணுக்குள் போகும் தூணின் அடியைத் தீயில் கருக்கி அல்லது மருந்து பூசிப் பாலித்தீனால் சுற்றிவிடுவார். தூண்களின் வெளிப்புறத்தில், அதாவது மண் இருக்கும் பக்கத்தில், பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சார்த்துவார். ஆணிகூட அதிகம் வேண்டியதில்லை. பின்னால் நிரப்பும் மண்ணே பலகையைத் தூணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு பாலித்தீன் விரிப்பு. கூரையும் அப்படியே: உத்திரம், அதன்மேல் பலகை, பாலித்தீன், இரண்டு மூன்று அங்குல மண், மறுபடியும் பாலித்தீன், அதற்கு மேல் ஒன்றரை அடி மண், புல். தரையில் கான்கிரீட் இல்லை. மண்ணைச் சமன்செய்து பாலித்தீன் விரித்து மேலே பழைய கம்பளம். சிமென்ட் மூட்டை ஒன்றுகூட இந்தக் கணக்கில் வராது.

தொழில்காரனாக எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பலகைச் சுவர்தான். நம்மூர்க் கொத்தனார் மண்ணைத் தாங்கும் சுவர் என்றால் ஒன்றரை அடிக் கருங்கல் கட்டு என்பார். எஞ்சினியர் கம்பி கட்டி கான்கிரீட் போடு என்பார். இவரோ மண்ணின் அழுத்தத்தையே ஆணியாக வைத்துக்கொள்கிறார்.

ஆனால் ஐம்பது டாலர் வீட்டை ஐம்பது டாலர் வீடாக நிலைக்கச் செய்தது பலகையும் அல்ல, பாலித்தீனும் அல்ல. அவர் மேட்டுப்பக்கத்தில் வெட்டிய ஒரு முற்றம்.

சரிவில் மண்வீடு கட்டச் சொன்னால் யாருக்கும் முதலில் தோன்றும் படம் ஒன்றுதான். மலைக்குள் மூன்று பக்கமும் புதைந்த பெட்டி; பள்ளத்துப் பக்கம் மட்டும் திறப்பு, அங்கே ஜன்னலும் கதவும். படத்தில் அழகாக இருக்கும். ஓலர் இதை முதல் யோசனை வீடு என்று கேலி செய்தார். மேலே பெய்த மழை சரிவில் இறங்கி நேராகப் பின்சுவரில் வந்து முட்டும். அங்கே அது நின்று, ஊறி, தள்ளும். வீட்டின் பின்பாதி இருண்டே கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பதால் காற்று குறுக்கே ஓடாது. தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இல்லை. நெப்ராஸ்காக்காரர்களை விரட்டியவை ஏறக்குறைய இதே காரணங்கள்தான்.

அவர் செய்தது இது: பின்சுவருக்கு அப்பால், மலையின் மேட்டுப்பக்கத்தில், மண்ணை வெட்டி ஒரு தாழ்ந்த முற்றத்தை உண்டாக்கினார். பின்சுவரிலும் இப்போது ஜன்னல் வைக்கலாம். கூரையை மலையின் சரிவோடு சேர்த்துச் சரித்தால் கூரையில் விழும் நீர் பள்ளத்தை நோக்கி ஓடிவிடும். மலையிலிருந்து இறங்கும் நீரை முற்றத்தின் விளிம்பிலேயே வாய்க்கால் வெட்டி வீட்டைச் சுற்றித் திருப்பிவிடலாம். முற்றத்துக்குள் நேராக விழுகிற மழைக்குத் தனி வடிகால். நீர் எங்கேயும் சுவரில் முட்டி நிற்க வேண்டியதில்லை. எங்கேயும் மேலே ஏற வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வெளிச்சம், குறுக்கே காற்று, வெளியேற இரண்டு வழி. கூடுதலாகத் தோண்ட வேண்டிய மண்தான் இதற்கு விலை. கூலி வாங்காத ஆளுக்கு அது விலையே அல்ல.

முற்றம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்காகச் சொன்னால் இன்னும் விளங்கும். சுவரின் பின்னால் வடிகட்டிய மண் இருந்தால், ஆழம் ஒரு மீட்டர் கூடக் கூட, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ அழுத்தம் கூடும். அதே மண்ணில் நீர் நிரம்பி நின்றுவிட்டால் அது 1,300 கிலோவுக்குப் போய்விடும். மண்ணும் தள்ளுகிறது, நீரும் தனியாகத் தள்ளுகிறது. எட்டடி ஆழச் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு மூன்று டன்னுக்கு மேல். மழைக்கு மறுநாள் சாயும் தடுப்புச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிமென்ட் குறைவு, கம்பி குறைவு என்று ஊர் பேசும். பெரும்பாலும் சுவரில் நீர் வெளியேறத் துளை விடாததுதான் காரணமாக இருக்கும்.

கூரைக்கும் இதே கதை. மழையில் நனைந்த ஒன்றரை அடி மண் சதுர மீட்டருக்கு 850 கிலோவுக்குக் குறையாது. நாம் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிகள் எடுத்துக்கொள்ளச் சொல்லும் பயன்பாட்டுப் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றின்மேல் ஒன்றரை அடி மண்ணைப் போட்டால் தலைக்கு மேலே ஏறக்குறைய பத்து டன் நிற்கும். ஐடஹோவில் அதன்மேல் பனியும் சேரும். மண் கூரையில் தோட்டம் போட்டிருக்கிறோம் என்று படம் அனுப்புகிற நண்பர்களுக்கு நான் திருப்பி அனுப்பும் ஒரே கேள்வி உத்திரத்தின் கனம் என்ன என்பதுதான். பதில் வருவதில்லை. காட்டில் இரண்டு இளைஞர்கள் குச்சியால் தோண்டி மாளிகையும் நீச்சல் குளமும் கட்டுகிற வீடியோக்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

சரி, இத்தனை பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்ன லாபம்? மண் வெப்பத்தைத் தடுக்கும் போர்வை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஈர மண் வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும். கூரையில் போட்ட ஒன்றரை அடி மண், வெப்பத் தடுப்பு என்ற வகையில் மட்டும் பார்த்தால், அரை அங்குலத் தெர்மாகோலுக்குச் சமம். அதற்குப் பத்து டன்னா?

மண்ணின் வித்தை வேறு. அது சேமிப்புக் கணக்கு போல வேலை செய்கிறது. கோடையில் போட்டது குளிர்காலத்தில் கைக்கு வருகிறது. பகல் இரவு மாற்றம் தரையில் அரையடி ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும். கோடை குளிர் என்னும் ஆண்டு மாற்றம் இன்னும் ஆழமாக இறங்கும். எட்டடி ஆழத்தில் அதன் வீச்சு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும், அதுவும் ஏறக்குறைய இரண்டு மாதம் தாமதமாக வந்து சேரும். முப்பதடிக்குக் கீழே ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம். அந்த வெப்பம் எவ்வளவு? அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைக்கு மிக அருகில்.

இந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. வடக்கு ஐடஹோவின் ஆண்டுச் சராசரி 8, 9 டிகிரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி உறைபனி என்றால், 8 டிகிரி மண்ணுக்குள் இருக்கிற வீட்டை 20 டிகிரிக்கு ஏற்றக் கொஞ்சம் விறகு போதும். குழாய் உறையாது. சீனாவின் காற்றடி வண்டல் பீடபூமியில், ஷான்சி, கான்சு, ஹெனான் மாகாணங்களில், குகைவீடுகள் இன்றும் இருப்பதற்குக் காரணம் இதுவே. அங்கே மூன்று நான்கு கோடிப் பேர் அவ்வாறு வாழ்ந்ததாகச் சொல்வார்கள். அந்த மண் காற்று கொண்டுவந்து கொட்டிய மஞ்சள் தூசி. வெட்டினால் செங்குத்தாக நிற்கும், மண்வெட்டி போதும். அடுப்புப் புகையைப் படுக்கை மேடைக்கு அடியில் செலுத்தி, சமைத்த வெப்பத்தில் தூங்குகிறார்கள். ஹெனானில் மலையே இல்லாத சமதரையில் இருபதடிக்கு மேல் சதுரக் குழி வெட்டி, அதன் நான்கு சுவர்களிலும் குகை குடைந்த வீடுகள் உண்டு. குழியின் நடுவே மழைநீர் இறங்க ஓர் உறிஞ்சு கிணறு கட்டாயம் இருக்கும். ஓலரின் முற்றமும் அந்தக் கிணறும் ஒரே பிரச்சினைக்கான இரண்டு விடைகள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. நீர் இருவருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தது.

சீனக் குகைகளைப் புகழ்கிறவர்கள் 1556-ஐ விட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்டு ஷான்சியில் வந்த நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 8 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பீடு. வரலாற்றில் மிக அதிக உயிரைக் குடித்த நிலநடுக்கம் அது. இறந்தவர்களில் மிகப் பலர் குகைவீடுகளில் இருந்தவர்கள். தூணும் உத்திரமும் இல்லாத வெறும் மண் வளைவு அப்படியே இறங்கிவிட்டது. மலிவு என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி இதற்கு நேர்மாறான ஊர். 1915-இல் அங்கே ஓபல் கல் கிடைத்தது. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் பாலைவனத்தில் சுரங்கக்காரர்கள் தாங்கள் தோண்டிய குழிகளுக்குள்ளேயே குடியேறினார்கள். வெளியே அனல் வீசும்போது உள்ளே 23, 24 டிகிரி. மழை மிகக் குறைவு என்பதால் பாறைக்கூரை ஒழுகுமோ என்ற கவலை அதிகம் இல்லை. மண்வீட்டுக்குக் கடவுள் தேர்ந்தெடுத்த இடம் என்று ஒன்று இருந்தால் அது கூபர் பீடிதான்.

இதே 1970களில் மண்வீட்டுக்கு அமெரிக்காவில் கோட்டு போட்ட ஆதரவாளர்களும் இருந்தார்கள். மால்கம் வெல்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ஒரு பெரிய அரங்கை வடிவமைத்தார். கண்காட்சி முடிந்ததும் அது இடிக்கப்படும் என்பது தெரிந்த வேலை. கட்டடம் என்ற பெயரில் நிலத்தைக் கொன்றுகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்த காலம் அது. பிறகு மண்ணுக்குக் கீழே கட்டு, மேலே காடு வளரட்டும் என்று எழுதியும் கட்டியும் வந்தார். 1973-இன் எண்ணெய் நெருக்கடி வந்ததும் வெப்பச் செலவைக் குறைக்கும் எந்த யோசனைக்கும் ஆதரவு கிடைத்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இதற்கென ஆராய்ச்சி மையமே இயங்கியது. ஆனால் அவை கான்கிரீட் வீடுகள். கனமான தளம், கம்பி கட்டிய சுவர், விலை உயர்ந்த நீர்த்தடுப்புப் பூச்சு. சாதாரண வீட்டைவிடச் செலவு கூடுதலாகவே வந்தது. 1980களில் எண்ணெய் விலை விழுந்ததும் ஆர்வமும் விழுந்தது.

ஓலருக்கு இந்தக் கூட்டத்தின்மேல் மதிப்பு குறைவு. ஏழைக்கு எட்டாத மண்வீடு எதற்கு என்பது அவர் கட்சி. கட்டட அனுமதி விதிகளைப் பற்றியும் அவருக்குத் தீராத கசப்பு. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. முழு நியாயம் இல்லை. ஐம்பது டாலரில் நிலத்தின் விலை சேரவில்லை. மரம் அவர் காட்டிலேயே நின்றது. மரவாடிகளில் கழித்துப்போட்ட பலகை சல்லிசாகக் கிடைத்தது. மாதக்கணக்கில் தோண்டிய கைகளுக்குக் கூலி இல்லை.  வங்கிக் கடன் வேண்டாம் என்பதால் வங்கிக்கு எதையும் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. இந்தச் சலுகைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் எண்ணின் பின்னால் பூஜ்யங்கள் சேரும். வேல்ஸ் நாட்டில் ஓர் இளம் தம்பதி 2000களில் மூவாயிரம் பவுண்டில் மலைச்சரிவில் புல்கூரை வீடு கட்டியபோதும் கணக்கு இதேதான்: சொந்த உழைப்பு, பக்கத்துக் காட்டு மரம், கழிவில் பொறுக்கிய ஜன்னல்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். வராமல் விட்டால் என் சகோதரி மகன் விடமாட்டான். திண்டுக்கல்லுக்கு அருகே மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறான். ஐடஹோ வீட்டின் படங்களைக் காட்டி, “மாமா, இதை நம் நிலத்தில் கட்டிவிடலாமா? ஏசியே வேண்டாமே” என்று கேட்டான்.

ஏசியிலிருந்தே தொடங்கினேன். ஆழ்மண்ணின் வெப்பம் ஊரின் ஆண்டுச் சராசரி என்று மேலே சொன்னேன். நம் சமவெளி மாவட்டங்களில் அது 28, 29 டிகிரி. அதாவது சென்னையிலோ திருச்சியிலோ எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் 20 டிகிரி கிடைக்காது. மே மாத மத்தியானம் வெளியே 40 என்றால் உள்ளே 29 சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் டிசம்பர் இரவில் வெளியே 21 இருக்கும்போதும் உள்ளே 28 இருக்கும். வெயில் படும் வெற்று மண் இன்னும் சூடாகவே இருக்கும். மரநிழலில் இருக்கும் மண் சற்றுத் தணிந்திருக்கும். குளிர்நாட்டுக்காரனுக்கு மண் வெப்பம் கொடுக்கிறது, பாலைவனக்காரனுக்குக் குளிர்ச்சி கொடுக்கிறது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும் நமக்கு, நாம் போட்டதையே திருப்பிக் கொடுக்கிறது.

கடலோரமாக இருந்தால் ஈரப்பதமும் சேரும். நம் கடற்கரைக் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பல மாதங்களில் 25 டிகிரியைத் தொடும். 28 டிகிரிச் சுவர் அருகே வரும் அந்தக் காற்று சுவரை ஏறக்குறைய நனைத்துவிடும் நிலையில்தான் நிற்கும். துணியில் பூஞ்சை, பெட்டியில் பூஞ்சை. தரைக்கு மேலே கட்டிய வீட்டிலேயே ஓதம் ஏறி வருடா வருடம் சுவர் பொரிந்து விழுவதைப் பார்க்கிறோம். தரைக்குக் கீழே மூன்று பக்கச் சுவரிலும் ஓதத்தை வரவேற்கத் தனி விழாவா?

அடுத்து மழை. ஐடஹோவின் அந்தப் பகுதியில் ஓர் ஆண்டில் விழும் மழையும் பனியும் சேர்ந்தே சென்னையின் மழையில் பாதிக்கும் குறைவு. அதுவும் பல மாதங்களில் பரவி விழுவது. நம் வடகிழக்குப் பருவமழை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நாட்களில் நிலத்தடி நீர்மட்டம் மேலேறி வந்தால், புதைத்து வைத்த காலித் தொட்டிகள் மண்ணைப் பிளந்து மிதந்து எழும். தொழிலில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் புதிய சம்ப்பைக் காலியாக விடாமல் நீர் நிரப்பி வைப்பது இதற்காகத்தான். மண்ணுக்குள் புதைத்த வீடும் நீர்மட்டத்துக்கு ஒரு காலித் தொட்டிதான்.

கடைசியாகக் கரையான். ஓலரின் முறை முழுக்க முழுக்க மரம். ஐடஹோவின் குளிரில் மண்ணைத் தொட்ட மரம் பல ஆண்டு தாங்கும். நம்மூரில் ஒரு சவுக்குக் கழியை மண்ணில் நட்டு வைத்தால் சில ஆண்டில் உள்ளே ஒன்றும் இருக்காது. வெளித்தோல் மட்டும் மரியாதைக்கு நிற்கும். வைரம் பாய்ந்த பனங்கை தாங்கும், ஆனால் அது கூரையில் காற்றோட்டமாக இருக்கும்போது. மரத்தை விட்டுக் கான்கிரீட்டுக்கு மாறினால் மால்கம் வெல்ஸின் செலவு வந்துவிடும். இங்கே சாதாரண வீட்டையே சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் குறைவாகக் கட்டித் தருபவர் அரிது. மண்ணைத் தாங்கும் சுவரும் தளமும் அதற்கு மேல்.

“அப்படியானால் மண்ணே வேண்டாம் என்கிறீர்களா?” என்று முகம் வாடிவிட்டது அவனுக்கு.

மண் வேண்டும், தலைக்கு மேல் வேண்டாம். நமக்கு மண் சுவராக வரும்போதுதான் லாபம். ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம் செம்மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் கற்களில் பல மாடிக் கட்டடங்களே எழுப்பியிருக்கிறது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், உன் நிலத்தில் தோண்டிய மண்ணே கல். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டிய சுவர் செங்கல்லையும் மிச்சப்படுத்தியது, வெப்பத்தையும் தடுத்தது. கூரைக்கு ஓடு, சுற்றிலும் ஆழமான தாழ்வாரம், மேற்கே மரம். நம் காற்றுக்கு வழி விட்டால் அது மண்ணைவிட நன்றாக வேலை செய்யும்.

அவன் நிலம் சரிவானது என்பதால் ஓலரிடமிருந்து ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சரிவில் வீடு கட்டுகிற நம் ஆட்கள் ஜேசிபியைக் கொண்டுவந்து மலையைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய முகத்தை ஒட்டியே பின்சுவரை எழுப்புகிறார்கள். முதல் யோசனை வீடு இங்கேயும் அதே வீடுதான். பின்சுவருக்கும் வெட்டுக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடக்கும் அகலம் விடு, வெட்டைச் சரித்து விடு, அதன் தலையில் வாய்க்கால் போடு, அந்த முற்றத்தில் விழும் நீர் தானாக வெளியேற வழி செய். மலை வீட்டுக்கு மேற்கே இருந்தால் அந்த வெட்டே மாலை வெயிலைத் தடுக்கும். இரண்டடி உயரத்துக்கு மேற்குச் சுவரில் மண்ணை அணைத்தும் விடலாம், சுவர் கருங்கல்லாக இருந்தால். அதற்கு முன்னால் வீடு வரப்போகிற இடத்தில் ஆறடிக் குழி ஒன்று வெட்டி, அதன்மேல் தகரம் போட்டு, ஐப்பசி கார்த்திகை முடியும்வரை காத்திருந்து பார். ஊற்று வருகிறதா, எத்தனை நாள் நிற்கிறது என்று எழுதிவை. ஜேசிபிக்கு அரை மணி வேலை.

குழியை வெட்டினான். எஸ்டிமேட்டும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு அறை, சமையலறை, தாழ்வாரம், சுற்றிலும் வடிகால். எல்லோரையும் போல அவன் விரலும் நேராக வடிகால் வரியில்தான் போய் நின்றது. இதைப் பிறகு செய்துகொள்ளலாமே, இப்போதைக்குக் குறைத்துவிடலாமா என்றான். குறைக்க வேண்டுமானால் ஓர் அறையைக் குறை, தரைக்கு டைல்ஸ் வேண்டாம் என்று சொல், வாசல் கதவுக்குத் தேக்கு எதற்கு என்று யோசி, அந்த வரியைத் தொடாதே என்றேன். தேக்கைத்தான் முதலில் அடித்தான். அவன் மனைவிக்கு இன்னும் என்மேல் கோபம்.